பதினோராவது கேள்வி

தளபதி அக்காவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று முறைக்காதே. நேரில் சொன்னால் காதைத் திருகுவாய்.

எல்லையிலிருந்து கிளம்பும் முன் ராணுவ முகாமில் உன் படைக்கு நடந்த உடல்நலப் பரிசோதனையைப் பற்றி நீயே சொல்லிச் சிரித்தாய்: "இருபது கேள்விடா. ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு போட்டாலும் ஊருக்கு வர்ற பஸ்ஸை விட்டுட்டு ரெண்டு நாள் அங்கயே கிடக்கணும். முன்னாடி இருந்தவளைப் பாத்து இருபதுக்கும் 'இல்லை' போட்டுட்டேன்." அவள் யாரைப் பார்த்தாளோ! நான் பரீட்சையில் பார்த்து எழுதினால் மட்டும் குற்றமா?

போன வாரம் உன் முதுகுக்குப் பின்னால் காகிதப் பையை ஊதி உடைத்தேன். வழக்கமாகத் துரத்தி வந்து குட்டுவாய். அன்று என்னை மேஜைக்கடியில் இழுத்துப் போட்டு, மேலே கவிழ்ந்து, "தலையைத் தூக்காத" என்றாய். நான் சிரித்தேன். நீ விளையாடவில்லை என்பது, வெகு நேரமாகியும் என்னை விடாதபோதுதான் தெரிந்தது.

இப்போது, முகாமில் நடந்த பரிசோதனை சரிதானா என்று பார்க்க, அதே கேள்விகளை வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள். பென்சிலால் மறுபடியும் இருபது 'இல்லை' போட்டு, உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடமே கொடுத்தாய். நான் பிரித்துப் பார்த்துவிட்டேன். பதினோராவது கேள்வி: 'திடீர்ச் சத்தத்தில் பதறுகிறீர்களா?'

நான் அனுப்பவில்லை. மாற்றவும் இல்லை. அனுப்பினால் பொய், மாற்றினால் துரோகம் என்று தோன்றுகிறது. எது சரி என்று சத்தியமாகத் தெரியவில்லை. தாள் உன் பூட்ஸுக்குள் இருக்கிறது, கூடவே என் ரப்பரும்.

இந்த முறை தவறவிட பஸ் எதுவும் இல்லை அக்கா. நீ வீட்டுக்கு வந்துவிட்டாய்.

இப்படிக்கு,
பை உடைத்த குரங்கு