ஜெயிலுக்குப் பயப்படாத மனுசன்

செவ்வாய்க்கிழமை, இரவு

நேற்று என் வீட்டுக்காரர் நானும் மகளும் இருக்கும்போதே பட்டாசு மருந்தை வீட்டுக்குள் தூவி, தீப்பெட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார். இன்று ஸ்டேஷனில் சொன்னேன். அவரைக் கூட்டிவந்து விசாரித்தார்கள்.

"ஏலே, வருசக்கணக்கா உள்ள கெடப்ப" என்றார் எஸ்.ஐ. மேடம்.

"அங்கன கறிச்சோறு உண்டா மேடம்?" என்று கேட்டார் இவர். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. போன தடவை ஜெயிலிலிருந்து வந்தபோதும் இதே சிரிப்புதான்.

மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். "தண்டனைன்னா இந்த ஆளுக்குப் பயமே இல்லம்மா. திருந்துவான்னு நம்பி அந்த வீட்டுல இருக்காத."

இவரை ரிமாண்டுக்கு அனுப்பிவிட்டு, என்னையும் மகளையும் மேடமே மல்லாங்கிணறு ஊரில் என் அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார். என்னைப் பொறுத்துப் போகச் சொல்லாத முதல் ஆள் அவர்தான். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இருட்டென்றாலே அலறும் மகள், இன்று அவளே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். நான் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.