திருப்போரூர் வேண்டுதல்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், 2002. ராத்திரி.

எனக்கு நெஞ்சில் வால்வு மாற்றியபோது, பிழைத்தால் நான் திருப்போரூர் முருகனுக்கு நாக்கில் வேல் குத்திக்கொள்வதாக என் வீட்டுக்காரி செல்வி வேண்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. நாளைக்குத்தான் அது.

வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குத்தினால் ரத்தம் லேசில் நிற்காது. சாப்பிடாவிட்டால் வால்வு அடைத்துக்கொள்ளும்.

"இன்னிக்கு மட்டும் மாத்திரைய வுடு. முருகன் பாத்துப்பாரு."

"டாக்டரு ஒரு வேளகூட வுடக்கூடாதுன்னாரு செல்வி."

சொல்லிவிட்டு அவள் எதிரிலேயே முழுங்கினேன். அவள் சண்டை போடவில்லை. மஞ்சள் புடவையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப ஒனக்குப் பதிலா நான் குத்திக்கிறேன்."

வேண்டாம் என்றேன். புடவையைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இப்போது தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது.