மண்டைத் தண்ணீரும் படிக்கோலமும்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போக இன்று பட்டுப்புடவை கட்டினேன். பவுடர் வேறு. ஐம்பத்து நாலு வயதில். காரணம் கேதகி. என் வீட்டுக்காரரை நடக்கவைக்கிற பிசியோதெரபி பெண். இருபத்தாறு இருக்கும். குதிரைவால்.

அவர் புடவையைப் பார்க்கவே இல்லை. கேதகிதான் பார்த்தாள். "காகூ, யாருக்குக் கல்யாணம்?" என்றாள் மராத்தியில். காகூ என்றால் சித்தி.

இந்த நோட்டு டாக்டர் வைக்கச் சொன்னது. தினமும் மூன்று விஷயம் குறிக்க வேண்டும்: நடை, மூத்திரம், மறதி. அது முன்பக்கம். பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதுவது எனக்கு. படித்தது ஐந்தாவது. பிழை இருந்தால் இருக்கட்டும்.

முன்பக்கம் இன்று:
ந. - கால் எழும்பவில்லை, தரையில் காந்தம்.
மூ. - இரண்டு லுங்கி.
ம. - மகன் பெயர் கேட்டேன். "ஹிஞ்சேவாடி" என்றார். தப்பென்றும் சொல்ல முடியாது, அவன் ஆபீஸே கதி என்று அங்கேதான் கிடக்கிறான்.

டாக்டர் மேஜைமேல் பிளாஸ்டிக் மூளை. இரண்டாகத் திறந்து காட்டினார். உள்ளே அறைகள், நான்கு. பெரியவை இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்து. நடுவில் ஒடுக்கமாக மூன்றாவது. அங்கிருந்து துடைப்பக்குச்சி அளவு ஒரு குழாய் இறங்கி, பின்னால் நான்காவது. அறைக்குள்ளேயே தண்ணீர் ஊறுகிறதாம். ஒரு நாளைக்கு அரை லிட்டர்! நான்காவது அறை வழியாக வெளியே வந்து, மூளையைச் சுற்றி, முதுகுத்தண்டிலும் இறங்கி ஏறி, கடைசியில் உச்சந்தலைப் பக்கம் ரத்தத்தில் கலந்துவிடுமாம். இவருக்கு ஊறுவதில் குறை இல்லை. கலப்பதில்தான். அறைகள் உப்பிப்போய், காலுக்கும் மூத்திரப்பைக்கும் போகிற நரம்புகளை நெருக்குகின்றன.

"எங்க ஃப்ளாட் சொசைட்டி தண்ணித்தொட்டி மாதிரியா டாக்டர்? மோட்டார் ஓடுது, போற குழாய் அடைப்பு."

"அதேதான்" என்று சிரித்தார். கேதகியும் சிரித்தாள். அவள் சிரித்ததும் இவரும் சிரித்தார். நான் எத்தனை கிண்டல் செய்திருப்பேன், ஒரு பல்லாவது காட்டியிருப்பாரா?

திங்கட்கிழமை டெஸ்ட். கீழ்முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணீர் எடுத்துப் பார்ப்பார்கள். நடை தேறினால் ஆபரேஷன்: மண்டையிலிருந்து வயிற்றுக்கு, தோலுக்கடியில் ஒரு குழாய்.

தேறாவிட்டால் என்று கேட்டேன். டாக்டர் பிளாஸ்டிக் மூளையை மூடினார். "அப்போ இது வேற மறதி நோயா இருக்கலாம். அதுக்குக் குழாய் உதவாது."

ஆட்டோவில் விஷ்ராந்த்வாடி வீட்டுக்கு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

ஒரு மணி நேரம் வெயில். இரண்டு பெட்ஷீட் காய்ந்தன.

ஆஸ்பத்திரியில் கேதகி தரையில் சிவப்பு டேப் ஒட்டுகிறாள். ஒரு அடிக்கு ஒன்று, ஏணி மாதிரி. வெறும் தரையில் ஒட்டிக்கொள்கிற கால், தாண்ட ஒரு கோடு இருந்தால் சிலருக்கு எழும்புமாம். "சலா காகா, லால் பட்டி!" நடங்க, சிவப்புக் கோடு என்கிறாள். அவ்வளவுதான். ஒவ்வொரு கோடாகத் தாண்டுகிறார் மாப்பிள்ளை.

காகா என்றால் இங்கே சித்தப்பா. நம் ஊரில் காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிற சத்தம். கூப்பிட்டதும் பறக்கிறார்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என் கையைத் தெருவில் பிடித்ததே இல்லை. ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை, நாலு பேர் பார்ப்பார்கள், கௌரவம்.

"வீட்லயும் கோடு போடுங்க காகூ. திங்கட்கிழமைக்குள்ள கொஞ்சம் பழகட்டும்." ஒரு டேப் உருளையை நீட்டினாள்.

"எங்கிட்டயே இருக்கு" என்றேன்.

இல்லை. அவள் டேப்பில் அவர் என் வீட்டில் நடக்க வேண்டாம்.

ம. - காப்பி குடித்துவிட்டு, காப்பி எங்கே என்றார். அவள் பெயர் மட்டும் சரியாகச் சொன்னார்.

ஜூலை 11, வெள்ளி

அடைமழை. பால் தாமதம். ஹாலைத் துடைத்துக் காயவைத்து, சோபாவிலிருந்து பாத்ரூம் வரை கோலமாவில் கோடு போட்டேன். எனக்கு வருகிற நேர்கோடு படிக்கோலம்தான். ஜோடி ஜோடியாக இழை, ஓரத்துக்குச் செம்மண் இல்லாததால் ரங்கோலிக் கடைச் சிவப்புப் பொடி. சிவப்பு உனக்கு மட்டும்தானா கேதகி? இடுப்பு போய்விட்டது. ஆனால் அழகு. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

"ஏங்க, வாங்க. ஒவ்வொண்ணா தாண்டுங்க."

நின்றார்.

"ஏங்க!"

தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலை எடுத்து எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"அவ போட்டாதான் தாண்டுவீங்களோ? நான் போட்டா கசக்குதா?"

"சலா காகா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், அவள் குரலில், தலையை ஆட்டி. வெட்கக்கேடு. கால் மணி நேரம் அப்படியே நின்றார். பிறகு லுங்கி நனைந்தது. கோலத்தின் ஓரமும்.

துடைத்தேன். "கோச்சுக்காத மல்லிகா" என்றார். என் பெயர் இன்னும் இருக்கிறது.

அடுப்படியில் கொஞ்சம் அழுதேன், வெங்காயம் இல்லாமலே. திங்கட்கிழமை அவர் நடக்காவிட்டால் என்று ஒரு பயம். நடந்து, அது அவளுக்காக என்று ஆகிவிட்டால் என்று இன்னொரு பயம். இரண்டாவதை நினைக்கவே கூடாது. எழுதியாகிவிட்டது.

ஜூலை 14, திங்கள்

மழை விட்டிருந்தது. சாதாரணச் சேலை. தயிர்சாதம் கட்டிக்கொண்டேன்.

ஊசிக்கு முன் நடக்கவைத்தார்கள். டேப் கிடையாது, வெறும் தரை. பத்து மீட்டருக்கு நாற்பத்தொரு காலடி. திரும்புவதற்கே ஒன்பது.

முதுகிலிருந்து நாற்பது மில்லி எடுத்தார்கள். குழாயில் பார்த்தேன். பச்சைத்தண்ணீர் மாதிரி தெளிவு. இதற்கா இத்தனை கூத்து!

படுக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி நடை. கேதகி கையில் கடிகாரம். அவர் எழுந்தார். கால் எழும்பியது. எழும்பியது! இருபத்து மூன்று அடி. நாலு அடியில் திரும்பினார். என் வாய்க்குள் முந்தானை. டாக்டர் இன்னொரு தடவை நடக்கச் சொல்லிப் பார்த்தார். "நல்ல அறிகுறி. குழாய் வைக்கலாம்."

கோவிலுக்கு நேர்ந்துகொள்ள வேண்டிய நேரம். எனக்கோ அப்போதும் வயிற்றெரிச்சல். கேதகியிடம் சொல்லியேவிட்டேன்: "நீ சொன்னாத்தான் நடக்கறார்மா. நான் போட்ட கோட்டுல ஒண்ணுகூடத் தாண்டல."

"எப்படிப் போட்டீங்க?"

படத்தைக் காட்டினேன். "அரே வா, ரங்கோலி!" என்றவள் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "காகா, இதை ஏன் தாண்டல?"

அவர் படத்தைப் பார்த்தார். பதிலை என்னிடம் சொன்னார், தமிழில்.

"கோலம்டி அது. மிதிச்சா கால ஒடிப்பேன்னியே, குவார்ட்டர்ஸ்ல."

கல்யாணமான புதிது. பூட்ஸ் காலோடு வாசல் கோலத்தில் ஏறிவிட்டார். சொன்னேன்தான். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. மகன் பெயர் போய்விட்டது, காப்பி குடித்தது போய்விட்டது. இது போகவில்லை.

"என்ன சொன்னார், என்ன சொன்னார்?" என்று கேதகி. ஹிந்தியில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ என் டேப்பை மிதிக்க மட்டும் பயமில்லையா காகாவுக்கு?"

"உங்கிட்ட என்னம்மா பயம்? நீ எந்தக் காலை ஒடிச்ச?" என்றேன், மிதப்பாக.

பொறாமை முக்கால்வாசி வடிந்தது. எடுத்த தண்ணீர் மறுபடி ஊறிவிடும், அதனால்தான் நிரந்தரக் குழாய் என்கிறார் டாக்டர். இதுவும் ஊறும். நாளைக்கு மறுபடி குதிரைவாலைப் பார்க்க வேண்டுமே.

மாலை கிளம்பினோம். பிசியோ அறைக்கு வெளியேதான் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். நான் ரிப்போர்ட்டைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு வந்தபோது அவர் லிப்டுக்குள் இருந்தார், கேதகி கையைப் பிடித்துக்கொண்டு. எனக்காகக் காத்திராமல் முன்னால் போயிருக்கிறார். காலில் என் செருப்பு. குதிகால் பாதி வெளியே. கதவு மூடியது.

மீதி இருந்தது அவருடைய பத்தாம் நம்பர். போட்டுக்கொண்டேன். காலைத் தூக்கினால் கழன்றுவிடும். அதனால் தேய்த்துத் தேய்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வராந்தாவில் நடந்தேன். பாதி தூரத்தில் ஓர் ஆயா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். தண்ணீர் டெஸ்ட்டுக்கு அடுத்தது நீங்கள்தானா என்று கேட்டு, உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்தேன்.