வேப்பிலை கட்டாத வாசல்

நெல்லிவாசல்நாடு
பங்குனி 12

தம்பி லட்சுமணனுக்கு அக்கா குப்பம்மா எழுதுவது.

நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. என் மகன் வேடியப்பன் போனதிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதவில்லை. என் பிள்ளைக்கு அம்மை கண்டிருக்கிறது என்று நீதான் சர்க்காரில் பேர் கொடுத்தாய். அவனை டோலியில் வைத்துக் கீழே அம்மைக் கொட்டாய்க்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மலை இறங்கி வருவதற்குள் புதைத்துவிட்டார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. அம்மை குத்துகிறவனுக்கு அதுதான் வேலை, தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

இப்போது என் மகள் பாஞ்சாலைக்கு. மூன்று நாளாகக் காய்ச்சல். இன்றைக்கு நெற்றியில் கேழ்வரகு மாதிரி முளைத்திருக்கிறது. போன தடவை நீங்கள் அம்மை குத்த வந்தபோது ஊரே காட்டுக்குள் ஓடியது. உன் மாமா இவளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நான் தம்பிக்கு எழுதுகிறேனா, சர்க்காருக்கு எழுதுகிறேனா? தம்பிக்கு என்றால் என்ன செய்வது, சொல். சர்க்காருக்கு என்றால் இதை அடுப்பில் போடு.

வாசலில் வேப்பிலை கட்டவில்லை. முன்பெல்லாம் கொத்தைப் பார்த்தால் ஒருத்தரும் அந்த வீட்டை மிதிக்க மாட்டார்கள். வேடியைத் தூக்கின நாளிலிருந்து ஊரில் யாரும் கட்டுவதில்லை. கொத்தைப் பார்த்துத்தானே உங்கள் ஆட்கள் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இதைக் கொண்டுவருவது புளி வாங்க வந்த லத்தீப் பாய். கிட்டே வராதீங்க என்றேன். "எனக்கு எப்பவோ வந்து போய்ட்டுதும்மா, மூஞ்சியப் பாத்தா தெரியல?" என்று சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காகிதத்தை வேப்பம்புகையில் காட்டியிருக்கிறேன். நீயும் தொட்ட கையைக் கழுவு.

உன் அக்கா
குப்பம்மா


வாணியம்பாடி
29-3-1958

அக்காவுக்கு லட்சுமணன் வணக்கம்.

அடுப்பில் போடவில்லை. ஆபீசிலும் கொடுக்கவில்லை. தெரிந்தும் சொல்லாமலிருந்தால் சட்டப்படி குற்றம், எனக்கும் மாமாவுக்கும். கொட்டாயில் இன்னும் ஓலை பிய்ந்துதான் கிடக்கிறது. அத்தனை பேருக்கும் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். அங்கே வந்தால் பிழைப்பாள் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். வீட்டிலேயே இருந்தால் ஊருக்குப் பரவாது என்றும் எழுத முடியாது.

வீட்டிலேயே தனியாக வைத்திருக்க இன்ஸ்பெக்டர் விடலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. கேட்டால், "மலைக்காரன் எங்கய்யா வூட்ல அடங்கிக் கெடப்பான்?" என்பார்.

லத்தீப் பாய் இனி மலையேறி, திரும்பி வரும்வரை பேர் கொடுக்காமல் இருக்கிறேன். அதற்குமேல் முடியாது அக்கா. ஒருத்தரையும் உள்ளே விடாதே. யார் யார் வந்துபோகிறார்கள், எழுது. பிள்ளைத்தாய்ச்சி யாராவது உண்டா?

லட்சுமணன்


நெல்லிவாசல்நாடு
பங்குனி 20

தம்பிக்கு,

உண்டு. பக்கத்து வீட்டு அம்சவல்லி, எட்டு மாதம். தினமும் காலையில் என் அடுப்பிலிருந்துதான் அவள் நெருப்பு வாங்கிப் போவாள். நிறுத்தினால் தெரிந்துவிடுமே என்று வாசலில் வைத்தே கொடுத்து வந்தேன்.

இன்றைக்கும் வந்தாள். "இன்னாக்கா, உள்ள புதையலா வச்சிக்கினு கீற? வாசல்லயே வச்சித் தொரத்துற?" என்று கேலி பேசிக்கொண்டே படியில் கால் வைத்தாள். உள்ளே பாஞ்சாலை முனகினாள். "உள்ள வராதடி!" என்று கத்திவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நெருப்பு வாங்காமலே திரும்பிப் போனாள். ஏன் என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

கொத்து ஒடித்து வந்து கட்டினேன். உன் மாமா பிடுங்கி எறிந்தார். "ஒரு புள்ளயக் குடுத்தது போதலயா உனக்கு?" என்றார். "அம்சவல்லி வயித்துல கீறதும் புள்ளதான்" என்று சொல்லி மறுபடியும் கட்டினேன். கை ஓங்கினார், அடிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் மேலண்டை வீட்டில் ஒரு கொத்து. கிணற்றங்கரை வீட்டில் ஒன்று. என் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே, தம்பி! அந்த வீட்டுப் பிள்ளைகள் நேற்றுவரை ஊரெல்லாம் விளையாடினார்கள்.

பேர் கொடு. என் வீட்டுப் பேரை முதலில் எழுது. கொட்டாய்க்குத்தான் என்றால் நானும் வருவேன், அடித்து விரட்டினாலும் வருவேன். அதை அவர்களிடம் சொல்லிவை.

குப்பம்மா


நெல்லிவாசல்நாடு
சித்திரை 4

லட்சுமணா,

பாஞ்சாலை கஞ்சி குடிக்கிறாள். பொருக்கு உதிர்கிறது. நீ சொன்னபடி பொருக்கு, துணி எல்லாவற்றையும் எரிக்கிறேன். பேர் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு நீ இன்ஸ்பெக்டரோடு வாசலில் மல்லுக்கு நின்றதை உள்ளேயிருந்து கேட்டேன். உன் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்றே தெரியவில்லை. மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் கீழே இறக்காமல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாரே, அதுவே பெரிது. போகும்போது அவர் சொன்னதும் காதில் விழுந்தது: "இன்னொரு வூட்ல கண்டுதுன்னா மொத்தமா கீழ எறக்கிடுவேன். அப்ப உன் பேச்சு எடுபடாது."

அம்சவல்லி அன்றைக்கு அம்மை குத்திக்கொள்ளத் தானாக வந்து உன்னிடம் கையை நீட்டினாளே, அவளுக்கு முந்தாநாளிலிருந்து காய்ச்சல். இடுப்பு ஒடிகிறது என்கிறாள். பிரசவ வலி இல்லை. இன்றைக்கு அவள் நெற்றியைப் பார்த்தேன்.

நீ குத்தியது பிந்திவிட்டதா? நெருப்பு கொடுத்தது நான். பேரைப் பிடித்து வைத்தது நீ. இதை யாரிடம் போய்க் கேட்பது?

எதிரே நின்று என்னைக் கும்பிட்டாள். "அக்கா, உன் தம்பிக்கு எழுதாத. இந்த வயித்தோட என்னால மலை எறங்க முடியாது. உனக்கும் பாஞ்சால கீறா, நெனச்சிப் பாரு" என்றாள். எழுத மாட்டேன் என்று தலையாட்டினேன்.

அவள் மாமியார் காலையில் எல்லோரோடும் புளி தட்டப் போனாள். மடியில் யார் வீட்டுக் குழந்தையோ.

லத்தீப் பாய் ஓடையண்டை கூப்பிடுகிறார். எழுதிவிட்டேன். கோபால்சாமி பெண்சாதி அம்சவல்லி, எங்களுக்குக் கீழண்டை வீடு. இந்தத் தடவை ஒரு நாள்கூடப் பிடித்து வைக்காதே.

இன்ஸ்பெக்டரை டோலி இல்லாமல் வர வைக்க முடியுமானால் அப்படி வா. டோலியோடுதான் என்றால், பாஞ்சாலையை முதுகில் கட்டிக்கொண்டு நான் வாசலில் நிற்பேன். அம்சவல்லியைத் தனியாக இறக்க விடமாட்டேன்.

உன் அக்கா
குப்பம்மா