கோபுரத்திலிருந்து விழுந்தவன்

2025 ஜூலை 7, திங்கள்
லேபில் பதினொரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். மதியம் சென்னையிலிருந்து ஒரு போன். பிரேம்நாத்தாம், பழைய காமிக்ஸ் சேர்ப்பவராம். "சுகாசினி மேடமா? 'மின்விரலான்' காமிக்ஸ் வரைஞ்ச கிறிஸ்டோபர் உங்க அப்பாதானே?" அப்பா பட்டுப் புடவைக்கு டிசைன் வரைந்தவர் என்றுதான் எனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு வருஷமாக மகளாக இருக்கிறேன்.

ஜூலை 8
1966இல் மூன்றே இதழ். அதோடு பத்திரிகை நின்றுவிட்டதாம். பக்கங்களை அனுப்பியிருக்கிறார். விரல் நுனியில் மின்னலோடு ஒருவன் நம் ஊர்க் கோபுரங்களுக்கு மேலே பறக்கிறான். இதை வரைந்த கையா எனக்கு ரிப்பன் கட்டிவிட்டது? கடைசிப் பக்கத்தில் எதிரி அவனைக் கோபுர உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். தொடரும்.

ஜூலை 10
அப்பாவிடம் கேட்டேன். "ஞாபகம் இல்லம்மா." நேற்று என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருக்கிற ஞாபகமும் போய்விட்டால், அவன் பிழைத்தானா இல்லையா என்று யாரைக் கேட்பேன்?

ஜூலை 19
சர்க்கரை பார்க்க வந்த சங்கரியம்மா, நெசவுக்கார வீட்டு அம்மா, என் போனில் அந்தப் படத்தைப் பார்த்தார். "இந்த ஆளு என் கல்யாணப் புடவையில இருக்கறான்மா." ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

சங்கரியம்மா சொன்னதை வைத்துப் பார்த்தால், வெளிவராத நான்காம் இதழின் முதல் படத்தை அப்பா பழக்கதோஷத்தில் டிசைன் கட்டத்தாளில், கட்டம் நிரப்பியே வரைந்திருக்கிறார். அது மற்ற டிசைன்களோடு கலந்து போய்விட்டது. புடவைப் படம் என்று நினைத்து அட்டையில் துளை குத்தி, சங்கரியம்மாவின் அப்பா தறியில் மாட்டி நெய்தும் விட்டார். "கதைப்படம் காணோம்னு உங்கப்பா தெருத்தெருவா தேடிக்கினு வந்தாரு. எங்கப்பா பயந்துக்கினு வாயே திறக்கல. நாங்க ஏதோ சாமின்னு நெனச்சுக்கினு இருந்தோம்மா."

ஜூலை 20
சங்கரியம்மா வீட்டில் புடவையைப் பார்த்தேன். அரக்கு நிறம். முந்தானையில், எல்லாப் புடவையிலும் வரும் கோபுர வரிசைக்கு மேலே, ஜரிகையில் அவன். விரலில் மின்னல்கூட இருக்கிறது. ஐம்பத்தெட்டு வருஷம் பீரோவுக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

ஆனால் தலைகீழாக.

"வுழுந்துக்கினே இருக்கறான் பாரு, பாவம்" என்றார் சங்கரியம்மா. செத்துத்தான் போனானா? புடவையை இரவல் வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். இந்த வயதில் ஒரு காமிக்ஸ்காரனுக்காக.

ஜூலை 21
அப்பா மடியில் முந்தானையை விரித்தேன். கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் தடவினார். பிறகு கோபம் வந்துவிட்டது.

"எவன் நெய்ஞ்சான் இத? அட்டைய முன்பின்னா மாத்தி மாட்டி, படத்தையே தலைகீழாக்கியிருக்கறான். இவன் மேலதானே போறான்."

"விழலையாப்பா?"

"விழறதுக்கா வரைஞ்சேன், சுகாசினி?"

ஜூலை 22
லேபுக்கு லீவு சொல்லியாயிற்று. கட்டத்தாள் வாங்க வேண்டும், பென்சில் இரண்டு. அப்பா காலையிலேயே குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.