உங்களுக்குக் கொடுத்த அளவு

ஆரணி
14.8.2004

அன்புள்ள தம்பி ஜீவானந்தத்துக்கு,

பரசுராமன் எழுதுவது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தபோது, ஊருக்குப் போனதும் எழுதுகிறேன் என்றேன். தாமதமாகிவிட்டது. பித்த அடைப்புக்கு வைத்த குழாய் எப்படி இருக்கிறது? கண்ணில் மஞ்சள் இறங்கியதா?

ஊசி போட்ட பிறகு என்னைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கணையத்துக் கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தில் கதிரியக்கத்தை ஏற்றி அனுப்புகிறார்களாம். அது அடங்கும்வரை யாரும் கிட்டே வரக்கூடாது. வீட்டிலும் விலகல்தான். மகள் லாவண்யாவுக்கு இது ஏழாம் மாதம். வாசற்படியில் நின்றபடி, "அப்பா, சாப்ட்டியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். இப்போது பக்கத்தில் உட்காரலாம் என்கிறார்கள். அவள் தயங்குகிறாள். நானும் கூப்பிடவில்லை.

முள்ளிப்பட்டுத் தறிகளுக்குப் பாவு கொடுப்பதை மகன் தனசேகரன் பார்த்துக்கொள்கிறான். இட்லி இரண்டு இறங்குகிறது. முதுகு வலிதான் பேஜார்.

உங்கள் மனைவி கலைமகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பிரியமுள்ள
பரசுராமன்

கலசப்பாக்கம்
23.8.2004

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

மஞ்சள் இறங்கிவிட்டது. மின்வாரியத்தில் விடுப்பை நீட்டித்துவிட்டார்கள். கட்டுகிற வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று, பூச்சு பாக்கி.

எனக்கும் அதே கணையக் கட்டிதானே, அந்த மருந்துச் சோதனையில் என்னை இரண்டாவது குழுவில் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் குழு சின்ன அளவைத் தாங்கியதால் எங்களுக்கு இரண்டு மடங்காம். அடுத்த மாதம் ஊசி. "சோதனைதாங்க இது, கொணமாகும்னு வாக்கு குடுக்க முடியாது" என்கிறார் டாக்டர். கலைமகள் விடுகிற மாதிரி இல்லை. "ஆரணி அண்ணன் எப்படி கீறாரு? அத்த மொதல்ல கேளு. நீ பாட்டுக்குப் போய்ப் படுத்துக்காத" என்கிறாள்.

அதனால் கேட்கிறேன். கட்டி சுருங்கியதா? உள்ளதை எழுதுங்கள், அண்ணா.

உங்கள் தம்பி
ஜீவானந்தம்

ஆரணி
30.8.2004

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதமும் ஸ்கேன் முடிவும் ஒன்றாகத்தான் வந்தன. சுருங்கவில்லை. கல்லீரலிலும் தெரிகிறதாம். இதை எழுதத்தான் வேண்டுமா என்று என் மனைவி ராஜம்மாளிடம் கேட்டேன். "அவரு நம்பிக் கேட்டுகினு இருக்காரு. மறைச்சா நல்லா இருக்காதுங்க" என்றாள்.

உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் இந்த முதல் அளவு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை. போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ சொல்ல மாட்டேன். இரண்டு மடங்கை இதற்கு முன் யாருக்காவது போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

எனக்கு ஆறுதல் எதுவும் எழுதவேண்டாம்.

பரசுராமன்

கலசப்பாக்கம்
4.10.2004

அண்ணனுக்கு,

ஊசி போட்டுக்கொண்டு ஊருக்கும் வந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கலைமகளுக்குப் படித்துக் காட்டினேன். "பாத்தியா, அண்ணனுக்கே கேக்கல" என்றாள். "அவருக்குக் கம்மியா குடுத்தாங்க, அதான் கேக்கல. எனக்கு டபுள்" என்றேன். இரண்டு மடங்கு போட்டுக்கொண்டவர்களில் நான்தான் முதல் ஆளாம். உங்களுக்குக் கொடுத்த அளவு போதவில்லை என்று தெரிந்ததால் துணிந்தேன், அண்ணா. இல்லாவிட்டால் தயங்கிக்கொண்டே இருந்திருப்பேன்.

வலி பாதி குறைந்திருக்கிறது. மாத்திரை போடாமல் தூங்குகிறேன். பல் துலக்கினால் மட்டும் ரத்தம், சீக்கிரம் நிற்பதில்லை. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே தொடையெல்லாம் கன்றிப்போய்க் கிடக்கிறது. வியாழக்கிழமை ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதே போகலாம் என்கிறாள் கலைமகள். கொத்தனார் நாளைக்குத்தான் வருகிறார். அவருக்கு வேலையைக் காட்டிவிட்டுப் போகிறேன்.

ஜீவானந்தம்

ஆரணி
6.10.2004

தம்பி,

கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. வியாழனுக்குக் காத்திருக்காதீர்கள். தனசேகரனிடம் காரையும் இந்தச் சீட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு ஏறுங்கள். ஜல்தி. கொத்தனார் வேலையை நான் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் போகவேண்டும் என்பதற்காக நான் அதை எழுதவில்லை, தம்பி.

பரசுராமன்

கலசப்பாக்கம்
2.11.2004

அண்ணன் அவர்களுக்கு,

கலைமகள் எழுதுவது. காரியம் முடிந்தது. உங்கள் மகன் கடைசிவரை கூடவே நின்றார். நன்றி சொல்லக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை.

ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டனவாம். புதிதாக ஏற்றிப் பார்த்தார்கள். அதற்குள் தலைக்குள்ளே கசிந்துவிட்டது. பிறகு அவர் என்னை அடையாளம் தெரிந்து பார்க்கவில்லை.

டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். "இந்த அளவு இனிமே யாருக்கும் கெடையாதும்மா. எது வரைக்கும் போகலாம்னு உங்க வூட்டுக்காரராலதான் தெரிஞ்சுது" என்று கை கூப்பினார். நானும் கூப்பினேன். வேறென்ன செய்வது?

நீங்கள் உள்ளதைத்தான் எழுதினீர்கள். கேட்டதும் நாங்கள்தான், அதிலும் நான்தான். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தக் கடிதம் வராமலிருந்தால் அவர் பயந்துகொண்டாவது வீட்டில் கிடந்திருப்பாரோ என்று சோறு வடிக்கும்போதும் தோன்றுகிறது, விளக்கேற்றும்போதும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது நின்றால் நானே எழுதுகிறேன். அதுவரை இந்த வீட்டுக்கு எழுதவேண்டாம்.

உங்களுக்கு உடம்பு மிகவும் முடியவில்லை என்று தனசேகரன் சொன்னார். தெரிந்துதான் இதை எழுதுகிறேன், அண்ணா.

லாவண்யாவுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்.

கலைமகள்