தலை கிள்ளிய தீக்குச்சிகள்

அப்பா,

இன்று காலை டெஸ்டரைத் தேடி டூல் பையைக் கவிழ்த்தபோது உங்கள் தீப்பெட்டி விழுந்தது. ஈரத்தில் ஊறிக் காய்ந்ததில் மேலே இருந்த படம் அழிந்துவிட்டது. திறந்து பார்த்தேன். பதினோரு குச்சிகள். ஒன்றுக்கும் தலை இல்லை. நகத்தால் கிள்ளி எடுத்திருக்கிறீர்கள். தலையோடு வைத்தால் நனைந்து கரைந்து குச்சி வழுக்கும் என்பீர்கள். பீடி வாசமும் மண் வாசமும் பெட்டிக்குள் இன்னும் இருக்கின்றன.

வெளியே மழை. கொட்டகலையில் நான் இப்போது வாடகைக்கு இருக்கும் அறைக்குப் பின்னால் மலை இல்லை, ரயில் பாதைதான். இருந்தும் பெட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு பஸ் ஏற முடியவில்லை. சுகமில்லை என்று, வேலை செய்யும் தேயிலை பெக்டரிக்குப் போன் செய்தேன். என்ன சுகமில்லை என்று கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களைப் பற்றி யாராவது கேட்டால் கான் வெட்டினவர் என்று சொல்வேன். நோர்வூட்டுக்கு மேலே நம் தோட்டத்தில், தேயிலைச் சரிவுகளுக்குக் குறுக்கே கான் வெட்டி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்க வேண்டும் என்று ஒழுங்கு பண்ணுவது உங்கள் வேலை. வேலையை விட்ட பிறகும் மழை பெய்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கானைப் பார்க்கப் போவீர்கள். அம்மா போன பிறகு வீட்டில் நாம் இரண்டு பேர்தான். நான் பெக்டரியில் மோட்டர்களைப் பார்த்தேன். நீங்கள் மலையைப் பார்த்தீர்கள்.

நாம் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு விழுந்தது. அது மெல்ல மெல்ல வந்து, நான் படுக்கும் பின் அறையான காம்பராவின் சுவரிலும் ஏறியது. அன்றிலிருந்து தலை கிள்ளிய குச்சிகளை அந்த வெடிப்பில் சாண் இடைவெளி விட்டு இறுக்கிச் செருகி வைத்தீர்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குனிந்து குனிந்து பார்ப்பீர்கள். வெடிப்பு அகன்றதில் விழுந்த குச்சியை எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டாகச் சேர்த்துச் செருகுவீர்கள். பிறகு மூன்றாக.

லயமே சிரித்தது. பக்கத்துக் காம்பரா சின்னம்மா தண்ணீர்ப் பைப்படியில் நின்று கத்துவார்: "மாமா, மலைக்கு மட்டும்தான் குச்சியா? எங்க அடுப்புக்கும் ரெண்டு குடுங்களேன்!" நீங்கள் திரும்பாமலே, "ஒன் அடுப்பு எங்கயும் போகாதுடி. மலைதான் போகப் பாக்குது" என்பீர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. "என்னாப்பா, மலைக்கு ஊசி போடுறீங்களா?" என்றேன். "நீ மீட்டர் வெச்சிப் பாக்குற. நான் குச்சி வெச்சிப் பாக்குறேன். வேலயப் பாரு, போ" என்றீர்கள். அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள். டெக்னிக்கல் கொலேஜில் படித்த என் காதில்தான் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அரசாங்க ஆட்கள் வந்து அளந்து, லயத்தின் கடைசிச் சுவரில் ஒரு கடுதாசி ஒட்டினார்கள். இந்த இடத்தில் குடியிருப்பது ஆபத்து, வெளியேறவும் என்று இரண்டு மொழியில் போட்டிருந்தது. எங்கே போவது என்று ஒரு மொழியிலும் இல்லை. நான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். வரும், பார்ப்போம் என்றார்கள். மழையில் கடுதாசி கிழிந்தது. நீங்கள் தூங்குவதை விட்டீர்கள்.

மழை வந்தால் உட்காரமாட்டீர்கள். சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பீர்கள். இரண்டு மூன்று தடவை என்னையும் எழுப்பினீர்கள். நான் கண்டபடி ஏசினேன். பிறகு எழுப்பவில்லை. கண் உள்ளே போய், இடுப்பில் கட்டிய சாரம் நிற்காத அளவுக்கு மெலிந்தீர்கள். ஆட்கள் "அப்பாவுக்கு மூள கலங்கிருச்சாமே" என்று என்னிடமே கேட்டார்கள். பழுதை வைத்துக்கொண்டு ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. டவுன் ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில், கழுத்துவரை பட்டன் போட்டு வந்தீர்கள்.

"பைத்தியக்கார டொக்டருக்கிட்டயா கூட்டிட்டுப் போற?"

"இல்லப்பா. தூக்கத்துக்கு மருந்து எடுக்க."

"நான் தூங்கினா யாரு பாக்குறது?"

"எதப் பாக்குறது?"

நீங்கள் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

டொக்டர் இளம் வயது சிங்களப் பெண். தமிழ் தெரிந்த நர்ஸ் அன்று லீவு. அதனால் இரண்டு பக்கமும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் போட்டிருந்தது அரை நாள் லீவு. பெக்டரியில் ஒரு பெரிய ஃபேனின் மோட்டர் கழற்றியபடி கிடந்தது. கதவுக்கு வெளியே நீண்ட வரிசை.

ஏன் தூங்குவதில்லை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் விளங்காத அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசினீர்கள். கையை உயர்த்தி மலையைக் காட்டினீர்கள், தாழ்த்திக் கானைக் காட்டினீர்கள், ஒரு தடவை என்னையும் காட்டினீர்கள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று நிமிடம்.

முடித்ததும் நான் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: மழைக்குப் பயம். தூக்கம் இல்லை. தீக்குச்சிகளை எடுத்துச் சுவரில் செருகிக்கொண்டே இருக்கிறார்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எச்சரத?" என்றார். அவ்வளவுதானா என்று. இவ்வளவு நேரம் பேசினாரே என்று.

"எச்சரய், மிஸ்."

பயப்படும்படி வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். ஒன்றும் இல்லை, பிறந்ததிலிருந்து அதே வீடுதான் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பழுது அறிக்கையில் கதை எழுதக்கூடாது, என்ன பழுது, எப்போதிலிருந்து, அவ்வளவுதான் என்று எனக்குப் படிப்பித்திருக்கிறார்கள். அது ஒரு காரணம். வெட்கம் இன்னொன்று. நல்ல சட்டை போட்டு, நல்ல சிங்களம் பேசி நின்ற நான், மலை சரியப்போகும் லயத்தில் குடியிருக்கிறோம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல விரும்பவில்லை. அந்த டொக்டர் மேல் குறை இல்லை. இரண்டு தடவை கேட்டார். கேட்டதை எழுதினார். அவர் காதுக்குப் போன கம்பி நான்.

வெளியே வந்ததும் நீங்கள் சந்தோசமாக இருந்தீர்கள். "அந்தப் புள்ள நல்லாக் கேட்டுச்சிடா. எல்லாத்தையும் சொன்னியா?"

"சொன்னேம்ப்பா."

மாத்திரை வேலை செய்தது. மழை தகரத்தில் கொட்டினாலும் நீங்கள் எழும்பவில்லை. சாப்பிட்டீர்கள், உடம்பு தேறியது. "தம்பி, அப்பாவுக்கு நல்லா சொகமாயிருச்சி. சாமிதான் ஒனக்கு அந்தப் புத்தியக் குடுத்திச்சி" என்றார் சின்னம்மா. விழுந்த குச்சிகளை யாரும் எடுக்கவில்லை. நீங்கள் முன்திண்ணையான இஸ்தோப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்ப்பதுபோல் எதையும் பார்க்காமல் இருந்தீர்கள்.

அந்த மாதம் பெக்டரியில் ஒரு சண்டை. ஒரு மோட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகி நின்றது. அதை நிறுத்தும் ரிலேயைக் குறுக்கே கம்பி போட்டுக் கட்டிவிட்டு, இப்போது நன்றாக ஓடுகிறது என்றார் ஷிஃப்ட்டில் நின்றவர். நான் கத்தினேன்: "அண்ணே, ட்ரிப் ஆகுறது நோய் வருத்தம் இல்ல. உள்ளுக்க எங்கயோ சூடாகுதுன்னு அது சொல்லுது. அது வாயக் கட்டிப்புட்டு சொகமாயிருச்சிங்கிறீங்க!" கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, உங்கள் மாத்திரையை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

ஒரு நாள் மட்டும் கேட்டேன். "இப்ப மழைக்குப் பயம் இல்லதானே?"

நீங்கள் சொன்னீர்கள்: "பயம் இருக்கு தம்பி. எழும்பத்தான் முடியல."

தை மாதத்தில் சளி நெஞ்சில் கட்டியது. வார்டில் ஐந்து நாள். அவ்வளவுதான். சுகமான ஆளாகத்தான் போனீர்கள், கிளினிக் அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த பெருமழையில் மலை வந்தது. பகல் நேரம். நான் பெக்டரியில் நின்றேன். கான் தண்ணீர் மண் கரைந்து சிவந்து வருவதைப் பார்த்த சின்னம்மாவுக்கு, சிவந்தால் நிற்கக்கூடாது என்று நீங்கள் ஓயாமல் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. கத்திக் கூப்பாடு போட்டு எல்லோரையும் ரோட்டுக்கு இறக்கியிருக்கிறார். நம் லயத்தில் ஒரு உயிரும் போகவில்லை. பின் காம்பராக்கள் போயின. என் கட்டில் இருந்த இடத்தில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு. இஸ்தோப்பு மட்டும் நின்றது. அதன் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் இந்தத் தீப்பெட்டி இருந்தது. பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி, அப்பா. மனம் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஒரு மீட்டர் நல்லதா என்று பார்க்க, அது காட்டும் அளவும் உள்ளே ஓடுவதும் ஒன்றா என்று பார்ப்போம். உங்கள் பயமும் அந்த மலையும் ஒரே அளவில் இருந்தன. கடுதாசி ஒட்டிய சுவருக்குப் பக்கத்தில் காலை நீட்டித் தூங்கியவன் நான். கிளினிக் அட்டை உங்கள் பெயரில் போட்டார்கள். மாத்திரையைப் பழிக்கவில்லை. அதனால் பிழைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், என்னோடு வேலை செய்யும் ஒருவரே இருக்கிறார். ஆனால் வீட்டை மாற்ற வழியில்லாதபோது வீட்டில் இருக்கும் ஆளை மாற்றினோம். அதற்குச் சுகம் என்று பெயர் வைத்தோம்.

இப்போது என் முறை. ஒரே ரிலேயைப் பத்துத் தடவை திறந்து பார்க்கிறேனாம், ஆட்களை ஏசுகிறேனாம். பெக்டரி ஒபிசர் என்னை டவுனில் ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார். தோட்டத்திலிருந்து படித்து வந்த பிள்ளை, என் வயதுதான் இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் வரச் சொன்னார். முதல் நாளே நேராகக் கேட்டுவிட்டேன்.

"மிஸ், பேசினா மலை நிக்குமா?"

"நிக்காது."

"போனவங்க வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"அப்ப எதுக்கு ஆளுங்க உக்கார இந்தக் கதிரயப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"சில நாளு எனக்கே தெரியல" என்றார். "நீங்க ஏன் இன்னும் எழும்பிப் போகாம இருக்கீங்க?"

போன செவ்வாய் கிளினிக் கதையைச் சொன்னேன். உங்களைப் பற்றி டொக்டரிடம் சொன்ன அந்த மூன்று வரியையும் சொன்னேன்.

"அது நீங்க சொன்னது. அப்பா என்ன சொன்னாரு?"

"அதான். மழைக்குப் பயம்னு."

"மூணு நிமிசமும் அதத்தான் சொன்னாரா?"

எழும்பி வந்துவிட்டேன். ஞாபகம் இல்லை என்று படியில் இறங்கும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. வரும் செவ்வாய் அவர் திரும்பவும் கேட்பார். வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதிக்கொண்டு போகிறேன். நீங்கள் சொன்னது இது:

"அம்மா, நான் கான் வெட்டுறவன். தண்ணி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். எங்க லயத்துக்குப் பொறத்தால மலை வெடிச்சிருக்கு. வெடிப்புக்குள்ள மொத வெரல் போச்சி, இப்ப கை போகுது. குச்சி வெச்சிப் பாத்துட்டேன், நிக்கல. ஆளுங்க வந்து கடுதாசி ஒட்டிட்டுப் போயிட்டாங்க. போகச் சொல்றாங்க, எங்கன்னு சொல்லல. நான் சின்னப் புள்ளயா இருக்கயில வேற தோட்டத்துல ஒரு லயம் மண்ணுக்குள்ள போச்சி. எங்கப்பாவோட போயித் தோண்டினேன். எல்லாரும் பாயில படுத்த மாதிரியே இருந்தாங்கம்மா. ஒருத்தரு முழிச்சிருந்தாப் போதும், எல்லாரையும் எழுப்பிவிட்டிருப்பாரு. இந்தா நிக்கிறானே, என் மகன், இவன் படுக்குறது மலையோரக் காம்பராவுல. நின்ன நெலையில வேல செஞ்சி களச்சி வர்றான். இடி விழுந்தாலும் எழும்பமாட்டான். எழுப்பினா ஏசுறான், பாவம். அதனால நான் முழிச்சிருக்கேன். எனக்கு வேற வருத்தம் ஒண்ணும் இல்ல. நீங்க மருந்து குடுத்தா திங்கிறேன். தூங்க வைக்கிற மருந்து மட்டும் வேணாம்."

மழை இன்னும் விடவில்லை. இந்த அறைச் சுவரில் வெடிப்பு இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் குச்சி ஒன்றை இறுக்கி வைத்திருக்கிறேன். பெட்டியில் இப்போது பத்து.